நெஞ்சில் சுட்டதாகச் சொன்னார்கள், பிணவறைக் காகிதத்தில் 16 காயம் இருந்தது

2014 அக்டோபர் 20, இரவு பத்து மணிக்குச் சற்று முன்னால், சிகாகோ நகரத்தின் தென்மேற்கில் புலாஸ்கி சாலையில் லக்வான் மெக்டொனால்டு என்ற 17 வயதுப் பையனை ஜேசன் வான் டைக் என்ற போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். போலீஸ் சங்கத்தின் செய்தித் தொடர்பாளர் அன்றிரவே சம்பவ இடத்துக்கு வந்து நிருபர்களிடம் பேசினார். பையன் கையில் கத்தி இருந்தது, போலீஸார் மேல் பாய்ந்தான், நெஞ்சில் சுட வேண்டியதாயிற்று என்றார். எத்தனை தடவை சுட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் வந்த சின்னச் செய்தியைப் படித்தவர்களுக்கு ஒரு குண்டு என்றுதான் பட்டிருக்கும். அப்புறம் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

பதிமூன்று மாதம் கழித்து இதே சம்பவத்துக்காகச் சுட்டவர் மீது கொலைக் குற்றச்சாட்டு பதிவானது, நகரப் போலீஸின் தலைமை அதிகாரி வேலையை இழந்தார், வாஷிங்டனில் இருந்து நீதித் துறை ஆட்கள் வந்து மொத்தப் போலீஸ் துறையையும் புரட்டிப் பார்த்தார்கள். நடுவில் கலவரம் எதுவும் நடந்து இது வெளியே வரவில்லை. சிலர் விண்ணப்பம் போட்டார்கள், பதில் வராதபோது மறுபடி போட்டார்கள், ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். அவ்வளவுதான்.

இந்த வழக்கு என்றாலே எல்லாரும் போலீஸ் கார் கேமராவில் பதிவான வீடியோவைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது அதைச் சுற்றியிருந்த காகிதங்கள். ஒரு போலீஸ் சம்பவம் நடந்தால் அதன் தடயம் ஒரே ஆபீஸில் தங்குவதில்லை. அவசர அழைப்பு ஒரு துறைக்குப் போகிறது, பிணம் இன்னொரு துறைக்கு, உடைந்த கேமரா ஒரு பட்டறைக்கு, இழப்பீட்டுக் காசோலை நகராட்சிக்கு. ஸ்டேஷன் கதவை மட்டும் தட்டிவிட்டு ‘தரமாட்டேன் என்கிறார்கள்’ என்று திரும்பி வருபவர்கள்தான் அதிகம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

சிகாகோ இருப்பது இல்லினாய்ஸ் மாநிலத்தில். அங்கே தகவல் சுதந்திரச் சட்டம் 1984-இலேயே வந்துவிட்டது, ஆனால் அதற்குப் பல் முளைத்தது 2010 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகுதான். அலுவலகம் 5 வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும், காரணம் சொல்லி இன்னும் 5 வேலை நாள் எடுத்துக்கொள்ளலாம், பதிலே சொல்லாமல் விட்டால் மறுத்ததாகவே கணக்கு. முதல் 50 பக்கத்துக்குக் காசு கிடையாது. எதற்காகக் கேட்கிறாய் என்று பொதுவாகக் கேட்கக்கூடாது. மறுத்தால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் இதற்கென்றே இருக்கும் ஆலோசகரிடம் முறையிடலாம், அல்லது நேரே கோர்ட்டுக்குப் போகலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வக்கீல் செலவு. கோர்ட்டில் விண்ணப்பதாரர் ஜெயித்தால் அவருடைய வக்கீல் ஃபீஸை மறுத்த அலுவலகமே கட்ட வேண்டும், வேண்டுமென்றே மறைத்தது நிரூபணமானால் அதற்கு மேல் 2,500 முதல் 5,000 டாலர் வரை அபராதம். இந்த ஒரு விதி இருப்பதால்தான், கையில் காசில்லாத ஃப்ரீலான்ஸ் நிருபருக்காகக்கூட ஒரு நல்ல வக்கீல் வழக்கை எடுக்கத் துணிகிறார். நம்ம ஊர் ஆர்.டி.ஐ சட்டத்தில் தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 என்று அதிகாரிக்கு அபராதம் உண்டு, ஆனால் வக்கீல் வைத்துச் சண்டை போடுகிறவனுக்கு அந்த மாதிரித் தெம்பு கிடையாது.

பிணவறையில் இருந்து

சம்பவம் நடந்து சில வாரத்தில் ஜேமி கால்வென் என்ற பத்திரிகையாளருக்கும், சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியைச் சேர்ந்த வக்கீல் கிரெய்க் ஃபட்டர்மேனுக்கும் உள்ளே இருந்த ஒருவர் தகவல் சொன்னார். போலீஸ் காரின் டேஷ்கேமில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, வெளியே சொன்ன கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது தகவல். 2014 டிசம்பரில் இருவரும் வீடியோவை வெளியிடச் சொல்லி வெளிப்படையாகவே கேட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கால்வென் அப்போது செய்த வேலைதான் இந்தக் கதையின் திருப்பம். பிரேதப் பரிசோதனை செய்வது சிகாகோ போலீஸ் இல்லை, குக் கவுண்ட்டியின் (கவுண்ட்டி என்பது நம்ம மாவட்டம் மாதிரி, சிகாகோ இருப்பது அதில்தான்) மருத்துவப் பரிசோதகர் அலுவலகம். அது வேறு நிர்வாகம், வேறு தலைமை, வேறு அலமாரி. அங்கே தகவல் கேட்டு விண்ணப்பம் போட்டார். போஸ்ட்மார்ட்டம் அறிக்கை கைக்கு வந்தது.

அதில் மருத்துவர் காயங்களுக்கு வரிசையாக எண் போட்டு, எங்கே நுழைந்தது, எந்தப் பக்கமாகப் போனது என்று உணர்ச்சியே இல்லாமல் எழுதியிருந்தார். நெஞ்சில் இருந்தது. கழுத்தில் இருந்தது. இரண்டு கையிலும், தொடையிலும், முதுகிலும் இருந்தது. மொத்தம் 16. ஒருவன் பாய்ந்து வரும்போது தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சொல்பவரிடம் முதுகில் எப்படி வந்தது என்று கேட்க வேறு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. 2015 பிப்ரவரி 10 அன்று ஸ்லேட் இதழில் கால்வென் இதை எழுதினார். போலீஸ் துறையில் இருந்து ஒரு தாள்கூட வாங்காமல் போலீஸ் சொன்ன கதையை உடைத்தாயிற்று.

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பிப்ரவரி 24 மேயர் தேர்தல். மேயர் ராம் இமானுவேலுக்குப் பெரும்பான்மை கிடைக்காமல் ஏப்ரல் 7-இல் இரண்டாம் சுற்று, அதில் ஜெயித்தார். ஏப்ரல் 15, அதாவது எட்டே நாள் கழித்து, பையனின் குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுக்க நகர மன்றம் ஓர் எதிர்ப்பு ஓட்டுக்கூட இல்லாமல் ஒப்புதல் தந்தது. குடும்பம் அப்போது கேஸே போட்டிருக்கவில்லை. விசாரணை முடியும்வரை வீடியோ வெளியே போகக்கூடாது என்பது அந்த உடன்பாட்டில் ஒரு நிபந்தனை. தேர்தலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மேயர் தரப்பு சொன்னது. கேஸ் போடும் முன்பே 50 லட்சம் தருகிற நகராட்சியின் மன்றத் தீர்மானம் ஒரு பொது ஆவணம் என்பது மட்டும் எனக்குப் போதும், அந்த அலமாரியைத் திறக்க விண்ணப்பம்கூட வேண்டாம்.

விசாரணை யாருடையது?

பிராண்டன் ஸ்மித் பெரிய பத்திரிகைக்காரர் இல்லை, ஃப்ரீலான்ஸ் நிருபர். வில்லியம் கேலோவே என்ற உள்ளூர் செயல்பாட்டாளரோடு பேசியபின் 2015 மே மாதம் போலீஸ் துறைக்கே விண்ணப்பம் போட்டார், கேட்டது டேஷ்கேம் வீடியோ. அவருக்கு முன்னாலும் பின்னாலும் பலர் கேட்டிருந்தார்கள், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் உட்பட. எல்லாருக்கும் ஒரே பதில். ஸ்மித்துக்கு முதலில் அவகாசம், மறுபடி அவகாசம், ஆகஸ்ட்டில் மறுப்பு. விசாரணை நிலுவையில் இருக்கிறது, வெளியிட்டால் அதற்கு இடையூறு என்றார்கள்.

ஆர்.டி.ஐ போட்ட எவருக்கும் இந்த வரி மனப்பாடம். நம்ம சட்டத்தில் பிரிவு 8(1)(h) என்று இருக்கிறது, இடையூறு ஏற்பட்டால் மறுக்கலாம் என்று. விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது, எப்படி இடையூறு என்று காட்ட வேண்டும் என்று 2007-இல் டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் சொல்லியும், ஸ்டேஷன் பதில்களில் அந்த வரி அச்சடித்த மாதிரி வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஸ்மித் ஆகஸ்ட்டிலேயே வழக்குப் போட்டார், வக்கீல் மேட் டாபிக். குக் கவுண்ட்டி நீதிபதி ஃபிராங்க்ளின் வால்டராமா முன் வந்தது. அங்கே எடுபட்டது உணர்ச்சிகரமான வாதம் எதுவும் இல்லை, ரொம்பச் சாதாரணமான ஒரு கேள்வி: விசாரணை நிலுவையில் இருக்கிறது என்கிறீர்களே, யார் செய்கிற விசாரணை? போலீஸ் துப்பாக்கிச் சூட்டை அப்போது விசாரித்துக்கொண்டிருந்தவை, நகரத்தின் சுதந்திரப் போலீஸ் மறுஆய்வு ஆணையம், கவுண்ட்டி அரசு வழக்கறிஞர் அலுவலகம், எஃப்.பி.ஐ. போலீஸ் துறை தானாக எந்த விசாரணையும் நடத்தவில்லை. அடுத்தவர் விசாரணையைக் காட்டி நீ மறுக்க முடியாது, மறுப்பதானால் விசாரிக்கிற துறைதான் மறுக்க வேண்டும், வெளியிட்டால் என்ன கெடும் என்பதையும் நீ நிரூபிக்கவில்லை என்று நவம்பர் 19 அன்று நீதிபதி சொல்லிவிட்டார். 25-ஆம் தேதிக்குள் கொடு என்று உத்தரவு. அட்டர்னி ஜெனரல் அலுவலகமும் அதே மாதம், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கேட்ட விவகாரத்தில், போலீஸ் மறுத்தது சட்டமீறல் என்று எழுதியிருந்தது. மேயர் மேல்முறையீடு இல்லை என்று அறிவித்தார்.

மறுப்புக் கடிதம் வந்தால் கோபத்தில் மூலையில் வீசிவிடுவோம். அந்தக் கடிதத்தைத்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும். எந்தப் பிரிவு, அந்தப் பிரிவு யாருக்குப் பொருந்தும், அதில் சொல்லும் கேடு நிஜமாகவே நடக்குமா. ஸ்மித்தின் வழக்கில் ஜெயித்தது அந்தப் படிப்புதான்.

நவம்பர் 24, சம்பவம் நடந்து 400-ஆவது நாள். பகலில் அரசு வழக்கறிஞர் அனிதா ஆல்வரெஸ் வான் டைக் மீது முதல் நிலைக் கொலைக் குற்றம் சாட்டினார், மாலையில் வீடியோ வந்தது. போராடி வாங்கிய ஸ்மித்தை வெளியீட்டுப் பத்திரிகையாளர் சந்திப்புக்குள் விடவில்லை! (எந்த ஊரானால் என்ன, ஆபீஸ்காரர்களின் சின்னத்தனம் ஒன்றுதான்.)

வீடியோவில் பையன் சாலையின் நடுவில் நடந்து போகிறான், போலீஸ் கார்களை விட்டு விலகி ஒதுங்குகிற மாதிரி. வான் டைக் காரில் இருந்து இறங்கி ஆறு விநாடிக்குள் சுட ஆரம்பிக்கிறார். பையன் சுழன்று விழுகிறான். விழுந்த பிறகும் நிற்கவில்லை. தார் ரோட்டில் கிடக்கிற உடம்பை ஒட்டிக் குட்டிக் குட்டிப் புகையாகத் தூசி எழும்புகிறது. மொத்தம் 14, 15 விநாடி, அதில் 13 விநாடி அளவுக்கு அவன் தரையில்தான் கிடந்தான். கடைசியில் ஒரு போலீஸ்காரர் நடந்து வந்து கத்தியைக் காலால் தட்டிவிடுகிறார். கத்தியின் அலகு மூன்று அங்குலம்.

டிசம்பர் 1 அன்று போலீஸ் தலைமை அதிகாரி கேரி மெக்கார்த்தியை மேயர் நீக்கினார். சில நாளில் அன்றிரவு போலீஸ்காரர்கள் எழுதிய அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்கமாக வெளியே வந்தன. கத்தியை ஆவேசமாகச் சுழற்றினான், கீழே விழுந்த பிறகும் கத்தியை நீட்டியபடி எழப் பார்த்தான் என்று இருந்தது. அறிக்கை முதலில் வந்து வீடியோ பின்னால் வந்திருந்தால் நம்மில் பாதிப் பேர் நம்பியிருப்போம். மேயர் அலுவலக மின்னஞ்சல்கள் ஆயிரக்கணக்கான பக்கம் வெளியானது டிசம்பர் 31 அன்று. புத்தாண்டுக்கு முந்தைய நாள் யார் உட்கார்ந்து படிப்பார்கள் என்ற கணக்கு, இருந்தும் படித்தார்கள்.

ரிப்பேர் புத்தகம்

இந்த வழக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த விண்ணப்பம் பெரும்பாலானவர்கள் கேள்விப்படாதது.

வீடியோவில் சத்தமே இல்லை. அந்த இடத்தில் டேஷ்கேம் உள்ள கார்கள் ஐந்து இருந்தும் ஒன்றில்கூட ஒழுங்காக ஒலி பதிவாகவில்லை. ஏன் என்று போலீஸிடம் கேட்டால் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். டி.என்.ஏ.இன்ஃபோ சிகாகோ என்ற உள்ளூர் செய்தித் தளத்தார் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேமராக்களைப் பழுதுபார்த்த பதிவேடுகளைக் கேட்டார்கள், 1,800-க்கும் மேற்பட்ட பதிவுகள் வந்தன. ரிப்பேர் சீட்டில் யாரும் ஜாக்கிரதையாக எழுதுவதில்லை, மெக்கானிக் பார்த்ததை எழுதிவிட்டுப் போகிறார்.

வான் டைக் பயன்படுத்திய காரின் கேமரா, வயரிங் கோளாறு என்று பதிவாகி ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து 2014 ஜூன் 17 அன்று சரியானது. மறுநாளே மறுபடி பழுது என்று வந்தது. இந்த முறை டெக்னீஷியன்கள் எழுதிய காரணம், வேண்டுமென்றே சேதப்படுத்தப்பட்டது. அதைச் சரிசெய்து கொடுத்த தேதி அக்டோபர் 8, சம்பவத்துக்கு 12 நாள் முன்பு. நவம்பர் 21 அன்று அந்தக் காரின் பத்து வீடியோவைப் பார்த்தவர்கள், மைக்கைக் கேமராவோடு இணைக்கவே இல்லை என்பது தெளிவாகத் தெரிகிறது என்று குறிப்பு எழுதினார்கள். ‘கோளாறு’ என்ற வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது. 2016 ஜனவரியில் இது வெளியான அதே காலத்தில், நகரத்து டேஷ்கேம்களில் 80 சதவீதத்தில் ஒலி வேலை செய்யவில்லை என்பதும் தெரியவந்தது. ஸ்டேஷன் சம்பந்தமாக எதையாவது தேடுபவர்கள் வண்டி லாக் புத்தகம், பெட்ரோல் பில், கேமரா பராமரிப்பு ஒப்பந்தம் இவற்றை ஏன் முதலில் கேட்பதில்லை என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

லாக்கப்பும் சிறையும்

அதே சிகாகோ, அதே 2015, இன்னொரு விவகாரம். ஹோமன் ஸ்கொயர் என்ற பழைய கிடங்குக் கட்டடத்தில் போலீஸார் ஆட்களைக் கொண்டுபோய் வைக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டாருக்கோ வக்கீலுக்கோ தெரிவதில்லை என்று தி கார்டியன் எழுதியது. போலீஸ் துறை மறுத்தது, எல்லாம் விதிப்படிதான் நடக்கிறது என்றது. கார்டியன் தகவல் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டுப் பதிவுகளை வாங்கியது. 2004 ஆகஸ்ட் முதல் 2015 ஜூன் வரை 7,000-க்கும் மேற்பட்ட கைதுகள், அதில் ஏறக்குறைய 6,000 பேர் கறுப்பினத்தவர். வக்கீலைப் பார்த்ததாகவோ இருக்கும் இடம் வெளியே தெரிந்ததாகவோ பதிவு இருந்தது 68 பேருக்கு மட்டும்.

கைது விவரம் என்பது அங்கே கெஞ்சி வாங்குவது இல்லை. யாரைக் கைது செய்தார்கள், என்ன குற்றச்சாட்டு, எங்கே, எத்தனை மணிக்கு, உள்ளே வைத்த நேரம், வெளியே விட்ட அல்லது வேறு இடத்துக்கு மாற்றிய நேரம், இதெல்லாம் கைதான 72 மணி நேரத்துக்குள் கேட்பவருக்குக் கிடைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது. இதிலும் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. லாக்கப் வரைக்கும் நகரப் போலீஸ், அதற்குப் பிறகு குக் கவுண்ட்டி சிறை, அது கவுண்ட்டியின் காவல் அதிகாரியான ஷெரிஃப் கையில். இரண்டும் வேறு வேறு அமைப்பு. லாக்கப்பில் இருந்து கிளம்பிய நேரத்தை ஒருவரிடமும் சிறை வாசலில் ஒப்படைத்த நேரத்தை இன்னொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நடுவில் காணாமல் போன மணி நேரம் தெரியும்.

பழைய கோப்புகள்

கடைசியாக, இந்த வழக்குக்கு முன்பே நடந்த ஒன்று. போலீஸ்காரர்கள் மீது மக்கள் கொடுக்கும் புகார்களின் கோப்புகளைக் கேட்டு கால்வென் பல வருடம் சண்டை போட்டிருந்தார், மத்திய நீதிமன்றத்தில் ஒரு தடவை தோற்றும் இருந்தார். பிறகு தகவல் சட்டத்தின் வழியாக வந்தார், 2014 மார்ச்சில் இல்லினாய்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவை பொது ஆவணங்கள்தான் என்று தீர்ப்புச் சொன்னது. அப்படி வாங்கியதை அவருடைய குழு 2015 நவம்பரில், வீடியோ வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, 56,000 புகார்களோடு யார் வேண்டுமானாலும் தேடும்படி இணையத்தில் போட்டிருந்தது. ஆக, வான் டைக் பெயர் செய்தியில் அடிபட்டபோது நிருபர்கள் உடனே தட்டிப் பார்க்க முடிந்தது. சுமார் 20 புகார், எதிலும் நடவடிக்கை இல்லை. அந்த நேரத்தில் புதிதாக விண்ணப்பம் போட்டிருந்தால் இன்னும் ஒரு வருடம் போயிருக்கும்.

போலீஸ் சங்கம் சும்மா இருக்கவில்லை. குறிப்பிட்ட வருடத்துக்கு மேல் பழைய புகார்க் கோப்புகளை அழித்துவிட வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது, அழியுங்கள் என்று வழக்காடியது. அது இழுத்துக்கொண்டே போய் 2020 ஜூன் மாதம்தான் மாநில உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது, அழிக்கக்கூடாது என்று. அந்தத் தீர்ப்பு வந்தபோது வான் டைக் சிறையில் இருந்தார். 2018 அக்டோபரில் நடுவர் குழு அவரை இரண்டாம் நிலைக் கொலையிலும், குண்டு ஒன்றுக்கு ஒன்றாக 16 தாக்குதல் குற்றத்திலும் குற்றவாளி என்றது. அடுத்த ஜனவரியில் கிடைத்த தண்டனை 81 மாதம். அதற்கு முந்தின நாள்தான், பொய்யறிக்கை எழுதிச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மூன்று சக போலீஸாரை வேறொரு நீதிபதி விடுதலை செய்திருந்தார். வான் டைக் 2022 பிப்ரவரி 3 அன்று, தண்டனையில் பாதிக்கும் குறைவாகவே இருந்துவிட்டு வெளியே வந்தார்.